மொழி வருவதற்கு முன் நீ நினைத்தது

மலர், இந்தக் கடிதத்தில் இருப்பது முழுக்க என் சொந்தப் பேச்சு. கேமரா முன்னால் உட்காரும்போது எனக்கு நீ போட்டிருந்த சட்டம் இதற்கு நேர்மாறானது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அங்கே நீ என் அம்மா இல்லை. நான் பேசினால் நீ என் குரல். அவர்கள் பேசினால் நீ அவர்களுடைய கை. நடுவில் உன் கருத்து ஒரு சொட்டுகூட விழக்கூடாது" என்று, முதல் நேர்காணலுக்குப் போகும் வழியில் வேனிலேயே கறாராகச் சைகை காட்டினாய். நானும் முடிந்தவரை அப்படித்தான் இருந்தேன். இப்போது நீ சைகைமொழி ஆசிரியர் பயிற்சிக்கு தில்லிக்குப் போய்விட்டாய். இனி அங்கேயே ஷாலினி என்கிற பெண் உனக்குக் குரல் கொடுப்பாள் என்றாய். வேலை போனவளுக்கு வாய் திறக்க உரிமை உண்டு. நம் சேனலைப் பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்று பொதுவாகவே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பெரிய பெரிய கேள்விகளை அந்தந்தத் துறையில் ஊறியவர்களிடம் கொண்டுபோய்க் கேட்டு, சைகையிலும் பேச்சிலும் வீடியோவாகப் போடுவது அவள் தொடங்கிய வேலை.

நீ இதை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்ன நாளில் வீட்டில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா அப்போதுதான் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் தன் வேனிலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தார். "சமையல் வீடியோ போட்டா நாலு பேரு பாப்பாங்க. நேரம்னா இன்னா, நான்னா யாருன்னு கேட்டுக்கினு இருந்தா எவன் பாப்பான்?" என்றார். நானும் அவர் பக்கம்தான். பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டைப் அடித்து நாளை ஓட்டுகிறவள் நான். எனக்கும் அது வேண்டாத வேலையாகத்தான் பட்டது. நீ கோபப்படவில்லை. நிதானமாகக் கையை உயர்த்திச் சொன்னாய். "காது கேட்காதவர்களிடம் எல்லோரும் சாப்பாடு, துணி, பென்ஷன் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். சாவு பற்றி, சாமி பற்றி, காலம் பற்றி எங்கள் கையில் யாரும் பேசியதில்லை. எங்களுக்கு அதெல்லாம் தோன்றாது என்று நினைக்கிறார்கள்." நான் அதை அப்பாவுக்குச் சத்தமாகச் சொன்னேன். உன் குரலாக நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று இப்போது படுகிறது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைன்னா வேன் சும்மாதான் நிக்குது" என்றார்.

அப்படித்தான் நாம் மேல்சித்தாமூர் போனோம். செஞ்சி ரோட்டில் அப்பா வேனை விரட்ட, நீ பின்னால் உட்கார்ந்து கேள்விகளை உனக்குள்ளேயே கையசைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாய். அங்கிருக்கும் சமண மடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா நமக்காகக் காத்திருந்தார். பரம்பரைச் சமணக் குடும்பம். பழைய நூல்களை முறையாகப் படித்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவர். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிப்பது பற்றி நீ கேட்டாய். அவர் ஆசையாகச் சொன்னார். செடிகொடிக்குத் தொடுகை ஒன்று, புழுவுக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு, எறும்புக்கு முகர்தலோடு மூன்று, ஈக்கும் தேனீக்கும் பார்வையோடு நான்கு, அதற்கு மேல் கேட்கிற உயிர்களுக்கு ஐந்து. நான் சைகையில் அதை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஐந்துக்கு வந்ததும் என் கை தயங்கியது. நீ கவனித்துவிட்டாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டாய். உன் சட்டப்படி நான் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன்: "எனக்குக் கேக்காதுங்க. அப்ப நான் தேனீ கூட சேத்தியா?"

அந்த அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தார். நீ மேஜையைத் தட்டி, உன்னைப் பார்க்கச் சொன்னாய். அவர் உன் பக்கம் திரும்பினார். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல் யோசித்தார். அதனால்தான் அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது. "இல்லம்மா. இந்திரியம்னா வெளிய தெரியற உறுப்பு மட்டும் இல்ல. உள்ள அறியற சக்தி ஒண்ணு இருக்குது. சீவனோட குணமே அறியறதுதான்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. ஜன்னல் மூடிக்கினு இருந்தா வூட்ல ஆள் இல்லன்னு ஆயிடுமா?" என்றார். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "ஜன்னல் மூடியிருக்குன்னு வூட்ல இருக்கிறவங்களுக்கு எப்படிங்க தெரியும்? அது சுவருன்னுதானே நெனச்சுக்கினு இருப்பாங்க?" என்று கேட்டாய். அவர் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மாடி, மூடியிருக்கிற ஜன்னல் எனக்கும் எத்தினி இருக்குதோ! நான் அதையெல்லாம் சுவருன்னு நெனச்சுக்கினு இருக்கேன்" என்றார். அவர் விடும்வரைக்கும் உன்னால் பேச முடியவில்லை, கை அவரிடம் இருந்ததால். அந்த இடத்தை நீ வீடியோவில் அப்படியே விட்டுவைத்தாய். நல்லவேளை வெட்டவில்லை.

அங்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனால் அது அடுத்த மாதம் விழுப்புரத்தில் நடக்கப்போவதற்குப் பக்கத்தில் வராது என்று அப்போது எனக்குத் தெரியாது.

விழுப்புரத்துப் பேராசிரியரை உனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான். அவர் மகன் கல்யாணப் பத்திரிகை எங்கள் பிரஸ்ஸில்தான் ஓடியது. தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனசு, மொழி, நினைப்பு இதெல்லாம் அவர் பாடம். மாடியில் புத்தக அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் அப்பா மைக்கை என் சட்டைக்கு மாற்றிவிட்டு, "ஜல்தி ஆரம்பிங்க, வெளிச்சம் போயிடும்" என்றார். நீ கேட்ட முதல் கேள்வி, மொழி இல்லாமல் நினைக்க முடியுமா என்பது.

பேராசிரியர் மிகவும் எளிமையாகத்தான் விளக்கினார். நாம் நினைக்கும்போது உள்ளுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் பசி, பயம், வலி இவை இருக்கும். ஆனால் 'நாளை', 'ஒருவேளை', 'ஏன்' இவை இருக்க முடியுமா என்பது சந்தேகம். "'ஏன்'ங்கிற சொல் இல்லாதவங்களுக்கு 'ஏன்'ங்கிற நினைப்பு வருமா? வராதுன்னு பல பேரு சொல்றாங்கம்மா. நானும் கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக்கினு வந்தேன்" என்றார். நான் 'ஏன்' என்பதற்குச் சைகை காட்டி முடித்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாய். பிறகு சொன்னாய், நான் குரல் கொடுத்தேன்: "எனக்கு ஏழு வயசு வரைக்கும் எந்த மொழியும் இல்லைங்க. பேச்சும் இல்ல, சைகையும் இல்ல. நான் அங்க இருந்திருக்கேன். எனக்கு 'ஏன்' வந்துச்சு."

அவர் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து முன்னால் வந்தார். "இனிமே நீங்க கேக்க வேணாம்மா. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. இந்த விஷயத்துல நீங்கதான் வல்லுநர்" என்றார்.

மலர், அந்த ஏழு வருஷம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான். நீ சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வீட்டின் வெளிச்சுவரை மட்டும் என்று. அதுவும் எப்படித் தெரியவந்தது! என் வாயாலேயே, 'நான் நான்' என்று நானே சொல்லிச் சொல்லி.

"எல்லாரும் வாயை அசைச்சுக்கினே இருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணைத் தின்றாங்கன்னு நெனச்சேன். ஒருத்தர் வாயிலேர்ந்து இன்னொருத்தர் வாய்க்குப் போவுது, தின்னுட்டு சிரிக்கிறாங்க, அழறாங்க. எனக்கு மட்டும் தரமாட்டேன்றாங்க. அதனால எங்க அம்மா வாயை விரல் வுட்டுத் திறந்து பாப்பேன், உள்ள இன்னா இருக்குதுன்னு." இதைச் சொன்னது என் குரல். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் ஓடி வந்தது. உனக்கு மூன்று வயதிருக்கும்போது ஓயாமல் என் வாயைப் பிடித்துத் திறப்பாய். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வாயிலும் கை விட்டுவிட்டாய், நான் மன்னிப்பு கேட்டேன். பசிக்கிறது போல என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் கேப்பைக் கூழைக் கரைத்து ஊட்டினேன். நீயும் அதைச் சொன்னாய்: "ஒவ்வொரு வாட்டியும் கூழுதான் கெடைக்கும். அது இது இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நல்லா இருந்துச்சு, குடிச்சுட்டேன்." பேராசிரியர் சிரித்துவிட்டார். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை, நான் உன் குரலாக இருந்தேன்.

அதற்குப் பிறகு தாத்தா ஊரான ஒலக்கூரில் நடந்ததற்கு வந்தாய். அப்பாவைப் பெற்ற தாத்தா இறந்த அன்றைக்கு. உனக்கு அப்போது ஐந்து நடந்துகொண்டிருந்தது. வாசலில் கிடத்தி, தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். சின்னப் பிள்ளை, ஒன்றும் புரியாது என்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். நீ சொன்னாய்: "தாத்தா வாய் நின்னுடுச்சு. அதைக் கட்டி வேற வெச்சுட்டாங்க. எல்லாரும் வாயில அரிசி போடறாங்க. மறுபடியும் ஓட வைக்கப் பாக்கறாங்கன்னு புரிஞ்சுது. ஓடல. தூக்கிக்கினு போயிட்டாங்க. தாத்தா திரும்பி வரவே இல்ல. அப்பத்தான் தெரிஞ்சுக்கினேன், வாய் நின்னா போயிடுவாங்க. என் வாய் அசையறதே இல்ல. அப்ப நானும் போயிடுவேன்."

சாதாரணமாக அடுத்ததைக் காட்டினாய். "அதனால நாள் பூரா வாயை அசைச்சுக்கினே இருந்தேன். போயிடாம இருக்கணும்னு."

இதைக் குரலில் சொல்லும்போது என்னுடைய நாக்கு எனக்கு அந்நியமாக இருந்தது. உனக்குத் தெரியாது, மலர், அந்த நாட்களில் நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா கை தட்டினார். "பாருங்க, தானா வாயை அசைக்குது, பேச முயற்சி பண்ணுது" என்றார். நான் அவர் அறையிலிருந்து வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் அழுதேன். நீ உள்ளே இருந்து உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாய். ஐந்து வயதில், ஒரு சொல்லும் இல்லாமல், சாவைத் தானாகவே கண்டுபிடித்து, அதற்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்து, அதைத் தனியாகச் செய்துகொண்டிருந்தாய்.

பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "தூங்கறப்ப எல்லாருக்கும் வாய் நிக்குமேம்மா?" உன் முகம் மலர்ந்தது, சரியான கேள்வியைத் தொட்டுவிட்டார் என்று. "அதான்! அதனால தூங்கவே பயம். ஆனா காலையில எல்லாரும் எழுந்துட்டாங்க. அப்ப நான் நெனச்சது தப்பு. ஒருநாள் மத்தியானம் அம்மா தூங்கறப்ப மூஞ்சி கிட்ட கையை வெச்சுப் பார்த்தேன். வாய் அசையல, ஆனா மூக்குலேர்ந்து காத்து வந்துச்சு. என் மூக்குல வெச்சேன், அங்கயும் வந்துச்சு. அப்ப வாய் இல்ல, காத்துதான்னு மாத்திக்கினேன். அதுக்கப்புறம் வாயை அசைக்கறத வுட்டுட்டேன்." ஆமாம், விட்டுவிட்டாய். பயிற்சி அம்மா வருத்தப்பட்டார், குழந்தை முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று. நானும் மனசு உடைந்து உட்கார்ந்திருந்தேன். நீயோ அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்திருக்கிறாய்.

பேராசிரியர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "ஒண்ணு நெனச்சிருக்கா, சோதிச்சுப் பார்த்திருக்கா, தப்புன்னதும் மாத்தியிருக்கா. 'ஆனா', 'அதனால', 'அப்படின்னா' எல்லாமே இருந்திருக்குது. சொல்லு ஒண்ணுகூட இல்லாம!" என்று சொன்னார். அதை உனக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் உனக்குக் கையில் கொடுத்தேன். அவர் திரும்ப உட்கார்ந்து, "அதெல்லாம் எதுல நெனச்சீங்க? படமா வந்துச்சா?" என்று கேட்டார். நீ நெடுநேரம் தேடினாய். "படம் இல்லைங்க. மாடிப்படி எறங்கறப்ப இன்னொரு படி இருக்குதுன்னு காலை வெப்போம், இருக்காது. காலு திடுக்குன்னும். 'படி இருக்குது'ன்னு அதுக்கு முன்னாடி உள்ள யாரும் சொல்லல. ஆனா நாம அப்படி நெனச்சிருக்கோம். அந்த மாதிரி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது வருஷமா இதைப் படிக்கிறேன், இந்தப் படி எனக்குத் தோணல" என்றார். அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாயே! பெரிய படிப்பு படித்தவர் தான் நம்பியது ஆட்டம் கண்டதும் இப்படிப் பூரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தில்லியில் நீ யாரிடம் கேட்கப் போனாலும் இப்படிப்பட்டவரைத் தேடிப் போ. உன் கேள்வியைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவரிடம் நேரத்தை வீணாக்காதே.

கடைசியாக ஒன்று கேட்டார். "அந்த வயசுல மத்தவங்களுக்கும் உங்கள மாதிரியே உள்ள ஒண்ணு இருக்குதுன்னு தெரியுமா? இல்ல, நீங்க மட்டும்தான்னு நெனச்சீங்களா?" நீ என் பக்கம் திரும்பவே இல்லை, அவரைப் பார்த்தே சொன்னாய். நான் குரல் கொடுத்தேன். "மத்தவங்களப் பத்தித் தெரியாதுங்க. அவங்க என்னைப் பார்த்தா காதைப் பாப்பாங்க, இல்லன்னா அம்மாவைப் பாப்பாங்க. எங்க அம்மாவுக்கு மட்டும் உள்ள ஒண்ணு இருக்குதுன்னு தெரியும். ஏன்னா எங்க அம்மா என் கண்ணைப் பார்த்து..."

அங்கே குரல் நின்றுவிட்டது. நீ கை காட்டி முடித்துவிட்டாய், நான்தான் பாக்கி. போனுக்குப் பின்னாலிருந்து அப்பா, "இன்னா சொல்லுது? சொல்லேன்" என்றார். உன் கை வேகத்துக்கு அவரால் எப்போதும் ஈடு கொடுக்க முடியாது. நீ காத்திருந்தாய். மொழிபெயர்ப்பவர் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதும் உன் சட்டம். மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன்: "என் கண்ணைப் பார்த்து உள்ள யாரையோ தேடிக்கினே இருந்தாங்க."

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நீளமாக இருந்தது. அப்பா ஏதேதோ பேசினார். நீ போனில் வீடியோவைப் பார்த்துக்கொண்டு வந்தாய். எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் நீ உண்மையைத்தான் சொல்வாய் என்ற பயம். அதன் பிறகு உன் பயிற்சிக் கடிதம் வந்தது, துணி வாங்கினோம், பெட்டி வாங்கினோம், ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியோடு எழுந்து அந்தக் கேள்வியோடேயே படுத்தேன்.

போன வாரம் விழுப்புரம் ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிட்டு நாங்கள் கீழே நின்றோம். ஏசி பெட்டி, திறக்காத கண்ணாடி. என் இரண்டு பக்கமும் வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் "என்ன? என்ன?" என்று காதைக் காட்டினார்கள். ஒருவர் போன் போட்டுப் பார்த்தார், டவர் இல்லை. அந்தப் பிளாட்பாரம் முழுக்க நம் இரண்டு பேருக்குத்தான் கண்ணாடி ஒரு தடையாக இல்லை. சார்ஜர் எடுத்தாயா என்று கேட்டேன், எடுத்தேன் என்றாய். அப்பாவுக்கு மாத்திரை ஞாபகப்படுத்தச் சொன்னாய். வண்டிக்குச் சிக்னல் விழுந்தது. இனிமேல் முடியாது என்று தோன்றியதும் கேட்டுவிட்டேன். "நான் தேடினேன் என்றாயே. கண்டுபிடித்தேனா?"

நீ சிரிக்கவில்லை, யோசித்தாய். வண்டி அசைந்தது. நான் கூடவே நடக்க ஆரம்பித்தேன். நீ கண்ணாடிக்கு நெருங்கி வந்து, கையை நிதானமாக, ஒவ்வொரு சைகையையும் எனக்குத் தெளிவாகத் தெரியும்படி காட்டினாய். "நீ தேடினதைப் பார்த்துதான், உள்ளே நான் ஒருத்தி இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது."

வண்டி போய்விட்டது. அப்பா கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகனை வழியனுப்ப வந்த ஒரு பெரியவர் அத்தனை நேரமும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் வந்து, "கடைசியா ரொம்ப நேரம் கை காட்டுச்சே, பொண்ணு இன்னாம்மா சொல்லுச்சு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"போய்ச் சேந்ததும் மெசேஜ் போடறேன்னு சொல்லுச்சுங்க" என்றேன்.

உன்னை நான் தப்பாக மொழிபெயர்த்தது அந்த ஒரு தடவைதான்.